வாரியக் குடியிருப்பில் பயமில்லாமல் இருக்க, படிக்கட்டில் இருந்து ஆரம்பியுங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடியில் இருப்பவர்கள் பாதுகாப்பு என்றதும் முதலில் கேட்பது கேமரா. கேமரா வேண்டும்தான், ஆனால் அது பிறகு. வீட்டுக் கதவுக்கு வெளியே யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிற இடங்களை முதலில் பாருங்கள்: படிக்கட்டு, மொட்டை மாடி, மீட்டர் பெட்டி மூலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம். குடிக்கிறவனும் பைக்கில் பெட்ரோல் திருடுகிறவனும் அங்கேதான் ஒதுங்குகிறான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 33 கட்டிடங்களாக எழுந்த ப்ரூயிட்-ஐகோ அரசுக் குடியிருப்பை 1972-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அங்கே நிறையக் குடும்பங்கள் பகிர்ந்த நடைவழிகள் நாசமாகிக் கிடக்க, இரண்டே குடும்பங்கள் பகிர்ந்த வாசல் முகப்பு மட்டும் சுத்தமாக இருந்ததைக் கவனித்தவர் கட்டிடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன். நமக்கும் இது பொருந்தும். ஒரு தளத்தில் நான்கு வீடு என்றால் அந்த வராண்டாவும் கீழே இறங்கும் படியும் அந்த நான்கு வீட்டுக்கு என்று பேசி முடிவு செய்யுங்கள். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டால் சாவி கடைசித் தளத்தில் இரண்டு வீட்டிலாவது இருக்கட்டும், தீப்பிடித்தால் அலையக் கூடாது.

அடுத்து வெளிச்சம். பொது மீட்டர் பில்லை யார் கட்டுவது என்ற சண்டையில்தான் பல பிளாக்குகள் இருட்டாகக் கிடக்கின்றன, அதனால் பல்பு வாங்கும் முன் பில்லுக்கு வழி செய்யுங்கள். அப்புறம், சிப்காட்டில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும் பெண்களோடு ஒரு ராத்திரி ஸ்டாப்பில் இருந்து வீடு வரை நடந்து பாருங்கள். எங்கே அவர்கள் நடையை வேகமாக்குகிறார்களோ அங்கே விளக்கு வேண்டும், முள்செடியை வெட்ட வேண்டும். பகலில் அளந்து போடும் எந்தத் திட்டமும் இதற்கு ஈடாகாது. தெருவிளக்கு மனு ஓசூரில் மாநகராட்சிக்கு, மற்ற இரண்டு ஊரிலும் நகராட்சிக்கு.

பூட்டியே கிடக்கும் வீடுகளை விடாதீர்கள். பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குப் போனவர்கள் பக்கத்து வீட்டிலும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போகட்டும். ஒதுக்கீடே ஆகாத வீட்டில் கும்பல் உட்கார்ந்தால், கதவு எண்ணோடு வாரியத்தின் நிர்வாகப் பொறியாளருக்கு எழுதுங்கள், நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. இதற்கெல்லாம் பதிவு பெற்ற சங்கம் பெரிய பலம், ஏழு பேர் சேர்ந்தாலே பதியலாம். ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு ஈடான பங்கை அரசு தருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கர்நாடக எல்லை பக்கத்திலேயே இருப்பதால் குட்காவும் மதுப் பாக்கெட்டும் சுலபமாக வருகின்றன. விற்கிறவனிடம் நேரில் மோத வேண்டாம், போதைப் பொருள் என்றால் 10581-க்குச் சொல்லுங்கள். அதே சமயம் படியில் உட்காரும் பையன்கள் எல்லாரையும் திருடன் மாதிரி பார்ப்பது பெரிய தப்பு. போர்டு வீட்டுப் பசங்க என்று ஊர் ஏற்கெனவே ஒதுக்குகிறது, நாமும் ஒதுக்கினால் அவர்கள் எங்கே போவார்கள்? வாலிபால் கம்பம் நட்டு, சாயங்காலம் அந்த இடத்தை அவர்களிடமே விடுங்கள்.

இப்போது கேமரா. நுழைவாயில், வண்டி நிறுத்தம், படிக்கட்டின் அடி, இவ்வளவு போதும். யார் வீட்டு வாசலுக்குள்ளும் பார்க்கக் கூடாது. பதிவுப் பெட்டியை யாராவது வீட்டுக்குள் வைத்துப் பூட்டுங்கள், அதில் தேதியும் நேரமும் சரியா என்று அவ்வப்போது பாருங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும், ஏதாவது நடந்தால் அன்றைக்கே பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பிடிபட்டவனை அடிக்காமல் போலீசில் ஒப்படையுங்கள். திருட்டுப் புகார் கொடுத்தால், மனு வந்தது என்று மட்டும் சொல்லும் மனு ஏற்பு ரசீதோடு (சி.எஸ்.ஆர்.) திரும்பாமல் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) கேளுங்கள், நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரைத் தபாலில் அனுப்பலாம்.