மேடையில் பேஸ் கிட்டார் கேட்கவில்லையா?

அறையில் கும்மென்று ஒலித்த பேஸ், டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் சேர்ந்ததும் வெறும் உறுமலாகிவிடும். வால்யூமைக் கூட்டிப் பயனில்லை. என் செட்டப்பில் இதைச் சரிசெய்தது மிட், அதாவது நடு அதிர்வெண்கள்தான். விரல் வைக்காமல் மீட்டும் ஈ (E) கம்பியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஆனால் இரைச்சலுக்கு நடுவே காது பிடிப்பது அதன் மடங்குகளான 82, 123 ஹெர்ட்ஸையும் அதற்கு மேலும்தான். அடி அதிர்வெண்களை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரை 35 ஹெர்ட்ஸில் வைத்தேன், ஆம்ப்ளிஃபயரின் (ஆம்ப்) பேஸ் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன், 400-800 ஹெர்ட்ஸை 3 டெசிபல் ஏற்றினேன். தனியாக வாசித்தால் மூக்கடைத்த மாதிரி இருக்கும். குழுவோடு சேர்ந்தால் ஒவ்வொரு சுரமும் தெளிவு.

இன்னும் சத்தம் வேண்டுமா? வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். அதே மாதிரி இன்னொரு கேபினெட்டை (ஸ்பீக்கர் பெட்டி) ஒட்டி வைத்தால், கீழ்ச்சுரங்களில் 6 டெசிபல் வரை போகும். 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம்; ஆம்ப் அதைத் தாங்குமா என்று பின்பக்கம் பாருங்கள். ஆம்பில் போட்டிருக்கும் வாட் பெரும்பாலும் 4 ஓமுக்கானது, 8 ஓமில் அவ்வளவு வராது.

ஆம்பிலிருந்து மிக்ஸருக்கு நேரடியாகச் சிக்னல் அனுப்பும் டி.ஐ.யின் ஸ்விட்சை ‘ப்ரீ’யில் (ஈக்யூவுக்கு முன்) வையுங்கள், மேடைக்காகத் திருகிய ஈக்யூ (பேஸ், மிட் போன்ற குமிழ்கள்) மிக்ஸருக்குப் போகாது. பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பேஸ் என்றால் வாசிக்காத நேரத்தில் ஜாக்கைப் பிடுங்கிவிடுங்கள், செருகியிருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.