கிளாசிக் படம் பிடிக்கவில்லையா? நீளத்தையும் டிவி செட்டிங்கையும் பாருங்கள்

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) 207 நிமிடம் ஓடும். வெளிநாடுகளில் பல ஆண்டுகள் ஓடியதோ சுமார் 160 நிமிடத்துக்கு வெட்டிய பிரதி. உங்களிடம் இருப்பது அதுவானால் தொடவே வேண்டாம். ஆனால் 199 நிமிடம் என்றிருந்தால் பதறாதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படம் பிஏஎல் (ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் பழைய டிவி முறை) டிவிடியில் 25 ஃபிரேமாக ஓடும். ஒரு காட்சிகூடப் போகாமலே 4 சதவீத நேரம் குறைந்துவிடும்.

ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' (1927) என்றால் 2010இல் வந்த மறுசீரமைப்பைத் தேடுங்கள். புவெனஸ் ஐரிஸில் 2008இல் கிடைத்த 16 மி.மீ. பிரதியிலிருந்து சுமார் 25 நிமிடக் காட்சிகள் அதில் சேர்ந்தன. நடுநடுவே கீறலும் கோடுமாகத் தெரிவது அவைதான். டிஸ்க்கைத் துடைத்துப் பயனில்லை.

அடுத்து டிவி. இங்கேதான் பாதிப் படங்கள் பாழாகின்றன. ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953), சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) எல்லாம் 1.37:1 சட்டகம், அதாவது உயரத்தைப்போல 1.37 மடங்குதான் அகலம். இன்றைய டிவியின் அகலமான 16:9 திரையில் இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தே தீரும். அதைப் பொறுக்காமல் 'வைட்' போட்டால் ஆட்கள் 30 சதவீதம் பருத்துவிடுவார்கள். 'ஸூம்' போட்டால் மேலும் கீழுமாகக் கிட்டத்தட்ட கால்பங்கு காலி. ஓஸு பாயில் உட்கார்ந்திருப்பவர்களை அவர்களுக்கும் தாழ்வாகக் கேமரா வைத்து எடுத்தவர். முதலில் போவது அந்தப் பாய்தான்.

ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ் என்று கம்பெனிக்கொரு பெயரில் இருப்பதை அணைத்துவிடுங்கள். இல்லாத ஃபிரேம்களை டிவியே தயாரித்துச் செருகுவதால் எந்தப் படமும் மெகாசீரியல் மாதிரி வழுக்கும். பிக்சர் மோடில் 'ஃபிலிம்மேக்கர்' இருந்தால் அது, இல்லையென்றால் 'சினிமா'. 'விவிட்' கூடவே கூடாது. தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) செபியாவில் (மங்கிய பழுப்பில்) தொடங்கி, 'மண்டலம்' என்ற தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்ததும் வண்ணத்துக்கு மாறும். விவிட்டில் செபியாவே பளபளக்கும். அப்புறம் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன?

ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா'வில் (1954) வாயும் வசனமும் ஒட்டாது. ஒலியை முன்பின் நகர்த்தும் ஆடியோ டிலேயைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது வீண். இத்தாலியில் அப்போது குரலைப் பிற்பாடு சேர்ப்பதே வழக்கம். ஆன்டனி க்வின்னுக்கே அதில் இரவல் குரல். விஸ்கோன்டியின் 'தி லெபர்ட்'டில் (1963) பர்ட் லங்காஸ்டரின் சொந்தக் குரல் வேண்டுமென்றால் ஆங்கிலப் பிரதிதான், ஆனால் அது 161 நிமிடம். இத்தாலியப் பிரதி 185. குரல் போனால் போகட்டும், 185ஐ எடுங்கள்.