காணி பார்க்கப் போகிறவர்களுக்கு: உண்ணியும் உண்ணிக்காய்ச்சலும்

சுவிஸிலோ ஜெர்மனியிலோ கனடாவிலோ வளர்ந்த பிள்ளைகளுக்கு உண்ணி என்றதும் லைம் நோய்தான் ஞாபகம் வரும். வடக்குக்குப் போகும்போது அந்தப் பயத்தைக் கொஞ்சம் இடம் மாற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் சனம் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்வது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். நாயிலும் மாட்டிலும் காணும் உண்ணி அதைக் கொண்டுவருவதில்லை. புல்லிலும் பத்தையிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்துத்தான் வருகிறது. கால் மில்லிமீற்றர் அளவுதான் அது. கடிப்பது தெரியாது, தேடினாலும் அகப்படாது.

மாரி மழை முடிந்து புல் மண்டிக் கிடக்கும் மார்கழி, தை, மாசியில்தான் இந்தக் காய்ச்சல் கூடுதலாக வரும். நத்தார் விடுமுறைக்குப் போகிறவர்கள் சரியாக அந்த நேரத்தில் போய் இறங்குகிறோம். இறங்கி இரண்டாம் நாளே சாரமும் பாட்டாவுமாக, எல்லைக்கல் தேடிப் பத்தைக்குள் நுழைகிறோம். வருடக்கணக்காக ஆள் இல்லாத வளவு என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

காணிக்குள் போகும் நாளில் நீளக் காற்சட்டையைச் சொக்ஸுக்குள் செருகிச் சப்பாத்துப் போடுங்கள். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். டீட் 20 முதல் 50 வீதம் உள்ள பூச்சி விரட்டியை இங்கிருந்தே வாங்கிப் போவது நல்லது. புல்லில் குந்தாதீர்கள், உடுப்பைப் பத்தையில் காயப் போடாதீர்கள். வீடு திரும்பியதும் போட்டிருந்ததைக் கழற்றித் தோய்க்கப் போட்டுவிட்டு, சவர்க்காரம் தேய்த்துக் குளியுங்கள். குளித்த கையோடு உடம்பைப் பார்க்க வேண்டும்: அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டி இறுகும் இடம், முழங்காலின் பின்பக்கம், பெண்களுக்கு மார்பின் கீழ், பிள்ளைகளுக்குத் தலைமயிருக்குள்ளும் காதின் பின்னாலும்.

பெரிய உண்ணி கொழுவியிருந்தால் கூர்முனைச் சாவணத்தால் தோலோடு ஒட்டினாற்போலப் பிடித்து, முறுக்காமல், நேராக மெதுவாக இழுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மாமா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வருவார், பெரியம்மா ஊதுபத்தியால் சுடச் சொல்லுவா. இரண்டுக்கும் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உண்ணியை விரலால் நசுக்கவும் கூடாது.

காதுக்குள் உண்ணி புகுவது இலங்கையில் அடிக்கடி நடப்பதுதான், சின்னப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக. பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் கோழியிறகு, பஞ்சுக் குச்சி எதையும் விடாமல் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சிற்றுண்ணிக் கடியை நீங்கள் கண்டுபிடிக்கப்போவதில்லை. அதனால் காய்ச்சலைத்தான் கவனிக்க வேண்டும். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் குளிரோடு காய்ச்சல், கடும் தலையிடி, உடம்பு நோ, சிலருக்கு நெறிக்கட்டும் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். நோகாது, அரிக்காது, மறைவான இடத்தில் இருப்பதால் வைத்தியருக்கும் தப்பிப் போகும். கண்டால் வெட்கப்படாமல் காட்டுங்கள். பொருக்கு இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது.

பார்மசியில் கேட்டு அமொக்சிசிலின் வாங்கிப் போடுவதில் பயனில்லை, இந்தக் கிருமிக்கு அது வேலை செய்யாது. டொக்சிசைக்ளின் குளிசைதான் மருந்து. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக அசித்ரோமைசின் கொடுப்பார்கள். நேரத்தோடு தொடங்கினால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும்; விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனை பிழைக்கலாம் என்பதால், சந்தேகம் வந்தாலே வைத்தியர்கள் மருந்தைத் தொடங்குவது வழக்கம். அதே காலத்தில் டெங்கும் எலிக்காய்ச்சலும் ஊரில் இருக்கும். எனவே டெங்கு இல்லை என்று தெரியும்வரை பனடோல் மட்டும் போடுங்கள், இபுபுரூஃபன் வேண்டாம். பயணத்துக்கு முன் போட்ட டைபாய்ட் ஊசி இதற்குக் காவல் அல்ல, அது வேறு நோய். டைபஸுக்கு இப்போது தடுப்பூசியே இல்லை.

மலையகத்துக்கும் சுற்றப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: கண்டிப் பக்கம் உண்ணியால் பரவும் புள்ளிக் காய்ச்சல் உண்டு. அதற்கும் முதல் மருந்து டொக்சிசைக்ளின்தான்.

மூன்று கிழமை லீவில் போய் வந்தவருக்குக் காய்ச்சல் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ வைத்துத்தான் தொடங்கக்கூடும். அங்குள்ள குடும்ப வைத்தியர் இந்த நோயைப் படித்திருப்பார், ஆனால் ஒரு நோயாளியையும் கண்டிருக்க மாட்டார். மலேரியா, கொரோனா என்று தேடிக்கொண்டிருப்பார். போன திகதி, திரும்பிய திகதி, பத்தைக்குள் இறங்கிய நாள் மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்து, "ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள்.