வேளாங்கண்ணிப் பாதையில் ஒரு நாள்: சுவார்ட்ஸ் ஐயர் ஊழியம் செய்த ஊர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து தாயகம் போய்வரும் கிறிஸ்தவக் குடும்பங்கள், கோலாலம்பூரில் விமானம் ஏறித் திருச்சியில் இறங்கி, வாடகை வண்டியில் நேரே வேளாங்கண்ணிக்குப் போய் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு, மிச்ச நாள்களைத் துணிக்கடைகளில் கழிப்பதே வழக்கமாகிவிட்டது. அந்த வண்டி தஞ்சாவூர் வழியாகத்தான் போகிறது. ஏறக்குறைய 48 ஆண்டுகள் தமிழ் மண்ணில் நற்செய்தி அறிவித்து அங்கேயே அடக்கமான மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் ஊர் அது என்பதால், ஒரு நாளையாவது அதற்கென்று ஒதுக்குங்கள்.

அன்றைய பிரஷியாவில் (இன்று போலந்தில் உள்ள ஊரில்) 1726-இல் பிறந்த கிறிஸ்டியன் பிரெட்ரிக் சுவார்ட்ஸ், கப்பலேறுவதற்கு முன்பே ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் படிக்கத் தொடங்கி, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, சில மாதங்களிலேயே, தமக்கு முன்பே வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். நாள் கூடுதலாக இருந்தால் பயணத்தை அங்கிருந்தே தொடங்குவது நல்லது. 1718-இல் எழுந்த அந்த ஆலயத்தில்தான் சீகன்பால்க்கின் கல்லறையும் இருக்கிறது. நாள் குறைவு என்றால், மனம் வருந்தாமல் தரங்கம்பாடியை அடுத்த பயணத்துக்கு விட்டுவிடலாம்.

திருச்சியில் மலைக்கோட்டைத் தெப்பக்குளத்துக்கு அருகே அவர் 1766-இல் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் தகப்பனை இழந்த படைவீரர் பிள்ளைகளுக்கு அவர் பள்ளி தொடங்கியதும் இதே ஊரில்தான். கடைத்தெருவின் நெரிசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஆட்டோவில் போவதே உத்தமம்.

தஞ்சாவூருக்குத்தான் நிறைய நேரம் வேண்டும். பெரிய கோவிலை ஒட்டிய சிவகங்கைத் தோட்டத்தில் உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில், இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் வடித்த பளிங்குச் சிற்பம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையைப் பற்றிக்கொண்டு நிற்பவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அருகில் பள்ளிச் சிறுவர்களும் நிற்கிறார்கள். தஞ்சை மன்னர் துளஜா 1787-இல் தம் வளர்ப்பு மகனான சரபோஜியை ஐயரின் பாதுகாப்பில் ஒப்படைத்திருந்தார்; வளர்ந்து அரியணை ஏறிய சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார், ஆனாலும் தம் குருவுக்கு இந்தச் சிற்பத்தைச் சொந்தச் செலவில் செய்வித்தார். அதே மன்னர் தம் குலத்தின் வரலாற்றைக் கல்லில் வெட்டுவித்த இடம் பெரிய கோவிலின் சுவர் என்பதால், இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். மதம் மாறியவர்களின் எண்ணிக்கையை வைத்து ஊழியரை எடைபோடும் பழக்கம் நம் சபைகளிலும் உண்டு. அந்தச் சிற்பத்தின் முன் நின்றால் அந்தக் கணக்கு எவ்வளவு சிறியது என்று எனக்குத் தோன்றுகிறது.

மைசூரை ஆண்ட ஐதர் அலியிடம் 1779-இல் ஆங்கிலேயரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போனவரும் இவரே. வழிச்செலவுக்கென்று ஐதர் கொடுத்த பணத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் தஞ்சை அனாதைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கினார். பிறகு போரும் பஞ்சமும் வந்தபோது முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த அரிசியால் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். வரிக் கொடுமைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய உழவர்கள், அரசாங்கத்தின் வாக்கை நம்பாமல் இவருடைய வாக்கை நம்பியே வயலுக்குத் திரும்பினார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு, ஒருவருடைய வாக்கின் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1798-இல் இறந்த அவருடைய கல்லறை, மானம்புச்சாவடியிலுள்ள தூய பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. கல்லின் மேல் உள்ள ஆங்கிலப் பாட்டு சரபோஜியே எழுதியது.

இந்தப் பழைய ஆலயங்கள் வாரநாள்களில் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போய், முடிந்ததும் ஆயரிடம் மலேசியாவிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லி அனுமதி கேட்டுப் பார்ப்பதே சுலபமான வழி. தஞ்சை, திருச்சி ஆலயங்கள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவை, தரங்கம்பாடி ஆலயம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. ஆகவே ஓரிடத்து அனுமதிக் கடிதம் மற்ற இடத்தில் செல்லாது. ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்பதை மற்றவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டா சாலைகள் நீரில் மூழ்குவதுண்டு. சித்திரை வெயிலோ வயதானவர்களுக்கு ஆகாது. பள்ளி விடுமுறை இடங்கொடுத்தால் தை மாதமே தோதானது. இந்திய மின்விசாவை இங்கிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூர்வீகம் திருநெல்வேலி என்பவர்கள் பாளையங்கோட்டைக்கும் போகலாம். சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778-இல் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையார் எழுப்பிய சிற்றாலயம் அங்கே இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சபைகளில் தாத்தா பாட்டியின் திருமுழுக்குப் பதிவைத் தேட நினைப்பவர்கள், அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், கிராமம், தோராயமான பிறந்த ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் தெளிவாக எழுதி எடுத்துச் செல்ல வேண்டும்; தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) பதிந்த பெயரும் ஊரில் வழங்கிய பெயரும் வேறாக இருந்தால், இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.