சிட் சிப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி மேல இருக்கற நம்பரைப் படிங்க

போன ஞாயித்துக்கெழமை வேலந்தாவளத்துல இருந்து ஒரு தம்பி வந்தான், கையில ரெண்டு கமடோர் 64 (எண்பதுகள்ல வந்த வீட்டுக் கம்ப்யூட்டர், அதுல சத்தம் போடற சிப்புதான் சிட்), ஒண்ணு பழசு, ஒண்ணு வெள்ளை, பாலக்காட்டுல ஒரு ஆக்ரிக்கடையில, அதான் பழைய சாமான் கடையில, புடிச்சது, பழசுல சத்தம் வரல, வெள்ளையில கீபோர்டு செத்துப்போச்சு. "அண்ணா, வெள்ளையோட சிட்டை எடுத்து பழசுல சொருகிடட்டுமா"ன்னான். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, பதினொரு வருசம் முன்னாடி இதையேதான் நான் செஞ்சேன்.

இந்த வேலையில நடக்கற தப்புகளைக் கீழ சொல்றேன். கை சுட்டுக்கறது, ஐசியைத் திருப்பிச் சொருகறது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

9 வோல்ட் சிப்பை 12 வோல்ட் போர்டுல போடறது

சிட்ல ரெண்டு வகை. பாப் யானஸ்ங்கற இன்ஜினியர் டிசைன் பண்ணி 1982-ல கமடோர் 64-ல வந்தது 6581, அதுக்கு 28-ஆவது காலுல 12 வோல்ட் வேணும். பின்னாடி வந்த 8580-க்கு அதே காலுல 9 வோல்ட்தான். ரெண்டும் 28 கால், ஒரே சைஸ், சாக்கெட்ல கச்சிதமா உக்காரும், தப்புன்னு எதுவுமே காட்டிக்கொடுக்காது.

மாமா துபாய்ல இருந்து கொண்டுவந்த பழைய பிரவுன் மெசின்ல எனக்கு சிட் போயிடுச்சு, மூணு மாசம் காசு சேத்து ஒரு சிப் வாங்குனேன், வித்தவரு "எல்லாம் ஒண்ணுதான்"னாரு, நானும் நம்பிப் போட்டேன். கொஞ்ச நேரம் பாடுச்சு. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. வெளிய எடுத்துப் பாத்தா மேல தெளிவா 8580-னு அச்சடிச்சிருக்கு. அதைப் படிக்க ஒரு நிமிசம் ஆகியிருக்காது, இன்னிக்கும் நெனச்சா ஆத்திரமா வருது.

கேஸைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, பின்னாடி வந்த வெள்ளை மாடலான சி64சி-க்குள்ளயே பழைய போர்டும் 6581-ம் இருக்கறதுண்டு. 6582-னு போட்டிருந்தா அதுவும் 9 வோல்ட்தான். காலி சாக்கெட்ல மீட்டரோட கறுப்பு முனையை 14-லயும் சிவப்பை 28-லயும் வச்சு அளந்துட்டு சிப்பைத் தொடுங்க. வோல்ட் சரியா இருந்தாலும் பில்டர் கெபாசிட்டர் ரெண்டையும் பாக்கணும், 1-2 காலுக்கு நடுவுல ஒண்ணு, 3-4-க்கு நடுவுல ஒண்ணு. 6581 போர்டுல 470 பிகோஃபாரட், 8580-க்கு 22 நானோஃபாரட்.

பழைய அடாப்டரை அப்படியே சொருகறது

உள்ள இருக்கற 5 வோல்ட் ரெகுலேட்டரை எபாக்சி ஊத்தி மூடியிருப்பாங்க. அது பழுதானா வோல்ட் ஏறும், சிட், ரேம் எல்லாம் சேந்து போகும். அளந்து 5.2 வோல்ட்டைத் தாண்டுனா ஓரமா வச்சுடுங்க.

கழட்டிட்டு டெஸ்ட் பண்றது

போர்டுல இருக்கும்போதே பாட வச்சுப் பாருங்க. இல்லன்னா முன்னாடியே செத்ததா, உங்க கையில செத்ததான்னு கடைசி வரைக்கும் தெரியாது.

ஸ்க்ரூ டிரைவரால நெம்பறது

சிப்பை போர்டுல நேரா ஈயம் வச்சு ஒட்டியிருந்தா நெம்பாதீங்க. 14-ஆவது கால் கிரவுண்டு, அகலமான செம்புல ஒட்டியிருக்கும், லேசுல சூடேறாது. புது ஈயம் வச்சு உருக்கி அப்புறம் பம்புல உறிஞ்சுங்க, 28 காலும் தனித்தனியா ஆடணும்.

தெர்மாகோல்ல குத்தி வைக்கறது

வேணாம், ஸ்டாட்டிக் கரண்ட் சிப்பைக் கெடுத்துடும். மின்சாரம் கடத்தற கறுப்பு ஃபோம் வாங்குங்க.

பிபிசி மைக்ரோ கெடச்சா

இதுவும் பழைய கம்ப்யூட்டர்தான், 1984-ல கிளாஸ்ங்கற அரசாங்கத் திட்டத்துல நம்ம பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. அதுல சத்தத்துக்கு 16 கால் எஸ்என்76489, 5 வோல்ட், சிட்டுக்கு மாத்தா ஆகாது.

தம்பியோட வெள்ளை மெசினைத் திறந்தோம், 8580. சத்தமில்லாத பழசுல 28-ஆவது காலுல 12.1 வோல்ட். சிப்புல கையே வைக்கல. பழசோட கீபோர்டைக் கழட்டி வெள்ளையில மாட்டுனோம், கனெக்டர் ஒண்ணுதான், பாடுது.