பழைய குக்கர் புக்க பாத்து மலநாட்டுல சமைக்கிறப்ப நாம விடுற பிழைகள்

எங்க தாத்தா நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்துல பங்களா அப்புவா, அதாவது தொர வீட்டு சமையல்காரரா இருந்தவரு. 1975ல வெள்ளக்கார கம்பெனி தோட்டத்தயெல்லாம் அரசாங்கம் எடுத்தப்ப அந்த தொர குடும்பம் சாமான கட்டிட்டு கெளம்பிருக்காங்க, போறப்ப தொரசாணி ஒரு பிரஷர் குக்கரையும் அதோட வந்த சின்ன சமையல் புக்கையும் தாத்தா கையில குடுத்துட்டு போனாங்களாம். குக்கர் எப்பவோ பழைய சாமான்காரன்கிட்ட போயிருச்சு. புக் மட்டும் அம்மாவோட தகரப்பெட்டில இன்னும் இருக்கு, அட்ட இல்ல, பாதி பக்கத்துல மஞ்சக்கற.

இந்த மாதிரி புக் நம்ம பக்கம் நெறைய வீட்ல கெடக்கு. கென்வுட் மிக்சரோட வந்தது, ஜப்பான் ரைஸ் குக்கரோட வந்தது, வெளிநாட்டுல இருக்க சொந்தக்காரங்க அனுப்புன சாமான் பெட்டிக்குள்ள இருந்தது, இப்ப ஃபோன்லயும் ஸ்கேன் பண்ணி அனுப்புறாங்க. படத்த பாத்தா ஆசயா இருக்கும், செஞ்சு பாப்போம்னு எறங்குவோம், ஒண்ணு வேகாது, இல்லாட்டி கருகும், இல்லாட்டி கேக் நடுவுல குழி விழும், அதோட "அந்தக்கால ரெசிபி எல்லாம் சும்மா"ன்னு மூடி வச்சிருவோம். நானும் அப்படித்தான் ரெண்டு வருஷம் மூடி வச்சிருந்தேன். புக்குல பிழ இல்லீங்க, அது கடல் மட்டத்துல இருக்க ஊரு அடுப்புக்கு எழுதுன புக், நாம சமைக்கிறது 6000 அடி ஒசரத்துல.

தண்ணி எல்லா ஊர்லயும் ஒரே சூட்டுல கொதிக்கும்னு நெனக்கிறதுதான் முதல் பிழ. கொழும்புல 100 டிகிரி, கண்டில 98 கிட்ட, ஹட்டன்ல 96 கிட்ட, நுவரெலியாவுல 94 தான். மேல போகப்போக காத்தோட அழுத்தம் கொறையுது, அதனால தண்ணி சீக்கிரமே கொதிச்சிருது, ஆனா அந்த கொதிக்கு சூடு பத்தாது. கேஸ எவ்வளவு கூட்டி வச்சாலும் 94 தாண்டாது, தண்ணி வேகமா வத்தும், கேஸ் காசு போகும், அவ்வளவுதான். புக்குல உருளக்கெழங்கு 20 நிமிஷம்னு போட்டிருந்தா அது நம்ம ஊருக்கு பொருந்தாது, கத்திய குத்தி பாத்துத்தான் எறக்கணும்.

குக்கருக்குள்ள பிரஷர் இருக்கே, ஒசரம் என்ன பண்ணும்னு கேப்பீங்க. குக்கர் வெயிட்டு 15 பவுண்டுன்னா அது அந்த வெயிட்டோட நிற இல்ல, வெளிய இருக்க காத்தழுத்தத்துக்கு மேல சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம். வெளியவே அழுத்தம் கொறவா இருக்கப்ப உள்ளயும் கொறயத்தான செய்யும், கடல் மட்டத்துல 121 டிகிரி வர்ற எடத்துல நுவரெலியாவுல 118 கிட்டதான் வரும். இதுக்கு ஒரு பொதுக்கணக்கு இருக்கு: 2000 அடிக்கு மேல ஒவ்வொரு 1000 அடிக்கும் நேரத்துல நூத்துக்கு அஞ்சு கூட்டணும். நுவரெலியா 6100 அடிக்கு கொஞ்சம் மேல, அப்ப 20 வீதம் கூட, புக்குல 20 நிமிஷம்னா இங்க 24. ஹட்டன் 4200 அடி கிட்ட, அங்க 22 போதும்.

தாத்தா புக்குல சில ரெசிபி பக்கத்துல ஓரமா பென்சில்ல +4, +5னு எழுதிருக்கும். சின்னப்பிள்ளைல ஏதோ மார்க்கு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். போன வருஷம் இந்த கணக்க தெரிஞ்சிக்கிட்ட பெறகு எடுத்து பாத்தா 20 நிமிஷம் போட்ட மாட்டெறச்சி ஸ்டூவுக்கு +4, 25 நிமிஷத்துக்கு +5. தொரசாணி கணக்கு போட்டு எழுதுனாங்களோ, தாத்தா எத்தன தடவ எறச்சி வேகலன்னு ஏச்சு வாங்குன பெறகு எழுதுனாங்களோ, அது எனக்கு தெரியாது. உங்க வீட்டு புக்குலயும் இப்படி கைப்பட எழுதுனது இருந்தா அச்சடிச்சத விட அத நம்புங்க.

அடுத்தது விசில். நம்மகிட்ட இப்ப இருக்கது பெரும்பாலும் இந்தியன் மாடல் குக்கர், பிரஷர் வந்தா வெயிட்ட தூக்கி விசில் அடிக்கும், நாமளும் பருப்புக்கு மூணு, எறச்சிக்கு ஆறுன்னு விசில எண்ணுவோம். அந்தக்கால இங்கிலீஷ் குக்கர் அப்படி இல்ல. அதுல மூணு துண்டா வெயிட்டு வரும், 5, 10, 15னு ஒண்ணு மேல ஒண்ணு போடுறது, அது விடாம ஸ்ஸ்ஸ்னு சீறிக்கிட்டு இருக்கும், சீற ஆரம்பிச்ச நேரத்துல இருந்து மணிக்கூட்ட பாத்து நிமிஷம் எண்ணணும். எங்க சித்தி பழைய குக்கர் ஒண்ணுல கடல போட்டுட்டு விசில் வரும் வரும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க, அது எங்க வரும், தண்ணி வத்தி அடிப்புடிச்சு வீடெல்லாம் பொக. தலகீழாவும் நடக்கும், புக்குல 5 நிமிஷம்னு இருக்கத 5 விசில்னு எடுத்தா மரக்கறி கூழாயிரும். இந்தியன் குக்கர்லயும் முதல் விசில் வந்த ஒடன கேஸ கொறச்சு வச்சு நிமிஷத்த எண்ணுனா புக்கு கணக்கோட ஒத்து வரும்.

பழைய குக்கருக்கு புது கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் போடாம அடுப்புல ஏத்தவே ஏத்தாதீங்க. பருப்பு, கடல, அரிசி எதுவா இருந்தாலும் தண்ணியோட சேத்து பாதிக்கு மேல நெரப்பாதீங்க, நொர வந்து ஓட்டைய அடச்சிரும்.

இப்ப ரைஸ் குக்கர். அதோட வர்ற சின்ன கப்ப தொலச்சிட்டு வீட்டு கப்பால அளக்கிறதுதான் எல்லாரும் விடுற பிழ. ஜப்பான் கப்பு 180 மில்லி, சாதாரண அளவுக்கப்பு 240. புக்குல 4 கப்னா அந்த சின்னக்கப்புல 4. சட்டிக்குள்ள போட்டிருக்க தண்ணிக்கோடும் ஜப்பான் அரிசிக்கு போட்ட கோடு, நம்ம நாட்டரிசிக்கோ சிவப்பு பச்சரிசிக்கோ அது பத்தவே பத்தாது. சோறு வெந்துருச்சுன்னு குக்கருக்கு தெரியாது. தண்ணி இருக்க வரைக்கும் சட்டியோட அடி கொதிக்கிற சூட்டுலயே நிக்கும், தண்ணி முடிஞ்ச ஒடன சூடு மேல ஏறும், அப்ப சுவிச்சு டக்குனு விழும். அப்ப தண்ணி தான் அதுக்கு மணிக்கூடு. மலைக்கு மேல 94 டிகிரில மெதுவா வேகுற அரிசிக்கு நேரம் வேணும்னா தண்ணியத்தான் கூட்டணும், சுவிச்ச திருப்பி திருப்பி அமுக்குனா அடிதான் புடிக்கும். நான் அரமணித்தியாலம் ஊறப்போட்டு, கோட்டுக்கு மேல அரிசிக்கப்புல அர கப்பு கூட விட்டு, சுவிச்சு விழுந்த பெறகு கால் மணித்தியாலம் மூடிய தொறக்காம வச்சிருவேன். உங்க அரிசிக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

அளவுல இன்னும் ரெண்டு மூணு குழி இருக்கு. பைண்ட்னு இருந்தா இங்கிலீஷ் புக்கா அமெரிக்கன் புக்கான்னு பாருங்க, இங்கிலாந்து பைண்ட் 568 மில்லி, அமெரிக்க பைண்ட் 473. பழைய இங்கிலீஷ் புக்குல டீக்கப்புன்னா 140 மில்லி கிட்ட, பிரேக்ஃபாஸ்ட் கப்புன்னா அதுல ரெண்டு மடங்கு. அமெரிக்கன் புக்குல ஒரு ஸ்டிக் பட்டர்னா 113 கிராம். ராத்தல், அவுன்ஸ் நமக்கு புதுசு இல்ல, கடைல இன்னும் ஒரு ராத்தல் பாண்னு தான கேக்குறோம், 454 கிராம். ஆனா அவுன்ஸ்ல ரெண்டு இருக்கு, ஒண்ணு நிறுக்கிற அவுன்ஸ், மத்தது ஊத்துற அவுன்ஸ். 8 அவுன்ஸ் மான்னு இருந்தா தராசுல 225 கிராம், அத பால் அளக்கிற ஜக்குல 8 அவுன்ஸ் கோடு வரைக்கும் கொட்டுனா கிட்டத்தட்ட பாதி மாதான் விழும், அப்பறம் கேக் ஏன் ஓடுதுன்னு கேட்டா என்ன சொல்றது. வெறும் மான்னு இல்லாம செல்ஃப் ரைசிங் மான்னு போட்டிருந்தா ஒரு கப்பு கோதும மாவுக்கு ஒன்றர தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலக்கணும், பழைய புக்குல அத S.R.னு ரெண்டே எழுத்துல சுருக்கி போட்டிருப்பாங்க, கண்ணுல படாது.

ஓவன்ல 350னு இருந்தா அது பாரன்ஹீட். நம்ம ஓவன் செல்சியஸ், 250க்கு மேல நம்பரே இருக்காது, என் கூட்டாளி ஒருத்தி 350 காணோம்னு முள்ள கடைசி வரைக்கும் திருகி வச்சிட்டா, மேல கரி, உள்ள மாவு. 350 பாரன்ஹீட்னா 180 செல்சியஸ் கிட்ட. இங்கிலீஷ் கேஸ் ஓவன் நம்பர்ல கேஸ் மார்க் 4னு போட்டிருந்தாலும் அதே 180தான். ஒசரத்துல கேக் சட்டுனு பொங்கி சட்டுனு விழும், அதனால பேக்கிங் பவுடர தேக்கரண்டிக்கு எட்டுல ஒண்ணு கொறச்சு, சீனிய கப்புக்கு ஒரு மேசக்கரண்டி கொறச்சு, பால ஒண்ணு ரெண்டு மேசக்கரண்டி கூட்டி, ஓவன 10 டிகிரி ஏத்தி வச்சு பாருங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, எதால சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும்.

புக்கோட மிஷினும் கெடச்சிருந்தா செருகுறதுக்கு முந்தி பின்னால தகட்ட பாருங்க. அமெரிக்கா, கனடா சாமான் 120 வோல்ட், நம்ம லைன் 230. நேரா செருகுனா பொகயோட முடிஞ்சிரும், ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும், அதுவும் மிஷினோட வாட்டுக்கு மேல தாங்குறதா வேணும். அத விட பயங்கரம் வயர் கலர். பழைய இங்கிலீஷ் வயர்ல செவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்ச எர்த். அமெரிக்கன் வயர்ல கறுப்பு தான் லைவ், வெள்ள நியூட்ரல். இப்ப வர்றதுல பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல், பச்சயும் மஞ்சளும் எர்த். கறுப்புனாலே நியூட்ரல்னு நெனச்சு பிளக் மாட்டுற ஆள் நம்ம பஜார்லயே இருக்காங்க, தெரிஞ்ச எலக்ட்ரீஷியன்கிட்ட குடுங்க. துணி சுத்துன வயர்னா கேள்வியே இல்ல, மாத்திருங்க.

சில ரெசிபிய மட்டும் செய்யவே வேணாம்னு சொல்லுவேன். முதலாவது போத்தல்ல அடைக்கிறது. நம்ம பக்கம் போஞ்சி, கரட், லீக்ஸ் வெல இல்லாம கொட்டுற காலம் வரும், அப்ப பழைய குக்கர் புக்குல மரக்கறிய போத்தல்ல போட்டு மாசக்கணக்கா வைக்கிற பக்கத்த பாத்தா கை துறுதுறுக்கும். போட்டுலிசம்னு நஞ்சால வர்ற ஒரு நோய், அந்த நஞ்ச உண்டாக்குற கிருமியோட வித்து சாதாரண கொதில சாகாது, காத்தில்லாத போத்தலுக்குள்ள புளிப்பில்லாத மரக்கறில மெதுவா வளரும், மணத்துலயோ ருசிலயோ தெரியாமலே இருக்கும், ஆளையே கொல்லும். அந்த புக்குல போட்ட நேரத்த இன்னைக்கு யாரும் நம்ப சொல்றதில்ல, அதுல நம்ம ஒசரம் வேற சேருது. வினாகிரி ஊத்துன அச்சாறு, ஜாம், அதோட நிறுத்திக்குங்க. ரெண்டாவது, 70கள்ல வந்த ஸ்லோ குக்கர் புக்குல செவப்பு ராஜ்மா கொட்டைய பச்சயா போட சொல்லிருந்தா போடாதீங்க, அதுல இருக்க நஞ்சு மெல்லிய சூட்டுல போகாது, சில நேரம் கூடவே செய்யும். ராத்திரி ஊறப்போட்டு, அந்த தண்ணிய கொட்டிட்டு, புதுத்தண்ணில தளதளன்னு அரமணித்தியாலம் கொதிக்க வச்ச பெறகுதான் மெல்லிய சூட்டுக்கு மாத்தணும். பச்ச முட்ட போட்ட மயோனீஸ், ஐஸ்கிரீம் பக்கத்தயும் பிள்ளைங்க, வயசானவங்க, கர்ப்பிணிங்க இருக்க வீட்ல தாண்டி போயிருங்க.

இவ்வளவும் சொல்லிட்டு புடிங்க சொல்லாம விட முடியாது, அந்த புக்குல நான் திருப்பி திருப்பி செய்யிறது அது ஒண்ணுதான். ஆவில வேக வைக்கிற கேக் புடிங், அடில கோல்டன் சிரப் ஊத்த சொல்லிருக்கும், நான் கித்துள் பாணி ஊத்துவேன், சிரப்ப விட அதுதான் ருசி. புக்குல முதல் கால் மணித்தியாலம் வெயிட்டு போடாம ஆவில வச்சிட்டு, பெறகு 5 பவுண்டு வெயிட்டு போட சொல்லிருக்கும். நம்ம குக்கர்ல 5 பவுண்டு கெடையாது, ஆரம்பத்துலயே 15 போட்டா மா பொங்குறதுக்கு முந்தியே இறுகி கல்லு மாதிரி வரும், எனக்கு முதல் தடவ அப்படித்தான் வந்துச்சு, தம்பி அத கதவுக்கு முட்டு குடுக்கலாம்னான். இப்ப வெயிட்டே போடறதில்ல. கிண்ணத்துல முக்கால் வரைக்கும் தான் மா, மேல எண்ணெத்தாள மடிப்பு வச்சு நூலால கட்டி, பாதி கிண்ணம் வரைக்கும் தண்ணி வச்சு மூடி, ஒண்ணேமுக்கால் மணித்தியாலம். நடுவுல தண்ணி வத்துனா கொதிக்கிற தண்ணி தான் ஊத்தணும், பச்சத்தண்ணிய ஊத்துனா ஆவி அடங்கி நடுவுல குழி விழுந்துரும்.