புது கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன்

புது கார்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? கையில் இருக்கும் கார்டின் பாக்கியை, பில் போடுவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே கட்டிவிடுங்கள். கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம். பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்து விண்ணப்பியுங்கள்.

காரணம், நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்துவைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு வங்கி அனுப்புவது பெரும்பாலும் பில் போடும் நாளில் உள்ள பாக்கியை. ஒரு லட்சம் லிமிட்டில் 80,000 செலவழித்து, கெடு தவறாமல் முழுவதும் கட்டுபவருக்கும் அந்த நிறுவனங்களின் கடன் அறிக்கையில் 80 சதவீதப் பயன்பாடு என்றே விழலாம். புது வங்கிக்கு அது கடனில் திணறுபவர் போலத் தெரியும். முன்கூட்டியே 65,000 கட்டினால் 15 சதவீதம்தான். 2025 முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை விவரம் போகிறது என்பதால், முன்போல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பிக்கும் முன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்; நீங்களே பார்ப்பதால் கடன் ஸ்கோர் குறையாது, வருடத்துக்கு ஒருமுறை இலவசம்.

தவணை தவறிய பதிவோ, 'செட்டில்டு' (கடனை முழுதாகக் கட்டாமல் குறைத்துக் கட்டி முடித்தது) என்ற குறிப்போ இருந்தால் இந்த வழி அதை மறைக்காது. ஒரே மாதத்தில் நாலைந்து வங்கியில் விண்ணப்பித்திருந்தாலும் அப்படித்தான். வைப்புத்தொகையை ஈடாக வைத்து வாங்கும் கார்டுக்கு இந்தச் சிரமமே பெரும்பாலும் தேவையில்லை.